ஒரு துளிக் குருதி, ஒவ்வொரு கலமாக: ஒளியால் எண்ணும் சிறு கருவி கட்டுவது பற்றி

ஒலுவிலில் பொறியியல் படிக்கும் இருவர் கேட்டிருப்பது இது: லேசர் ஒளிக்குக் குறுக்கே குருதிக் கலங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் சிறு கருவியொன்றை இறுதியாண்டுச் செயற்றிட்டமாகக் கட்டலாமா? மாரி காலத்தில் மட்டக்களப்பின் வாகரை, வெல்லாவெளிப் பக்கங்களில் டெங்குக் காய்ச்சல்காரருக்கு பிளேட்லெட் பார்க்க அது உதவுமா? ஒளியியலில் எதை முதலில் படிப்பது?

கட்டலாம். ஆனால் ஒளியியலைப் பிறகு பாருங்கள், தண்ணீரில் தொடங்குங்கள். லேசரும் வில்லையும் ஒருமுறை இறுக்கிவிட்டால் வைத்த இடத்தில் இருக்கும். இவ்வகைக் கருவி படுத்துவிடுவது குழாய்க்குள்ளேதான். ஒரு குமிழி, ஒரு தூசி, பம்பின் ஒரு துடிப்பு போதும்.

எண்களை முதலில் கையில் எடுத்துக்கொள்வோம். செங்குழியம் 7 முதல் 8 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள தட்டு; பிளேட்லெட் 2 முதல் 3 மைக்ரோமீற்றர்; நடுநிலைநாடி போன்ற வெண்குழியம் 12 வரை வரும். ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் செங்குழியம் ஏறத்தாழ 50 இலட்சம், பிளேட்லெட் 1.5 முதல் 4.5 இலட்சம், வெண்குழியம் 4,000 முதல் 11,000. நீங்கள் தேடும் பிளேட்லெட் சிறியது, மங்கலானது, அதைவிடப் பல மடங்கு பெரிய கூட்டத்துக்குள் ஒளிந்திருப்பது. டெங்கு முற்றியவரில் அது 20,000 க்கு இறங்கினால், 250 செங்குழியத்துக்கு ஒரு பிளேட்லெட் என்ற கணக்கு.

வைத்தியசாலைக் கருவிகள் இதை இரண்டு வழியில் செய்கின்றன. வால்லஸ் கூல்ட்டர் 1953 இல் காப்புரிமை பெற்ற வழி மின்சாரம்: சிறு துளையூடாகக் கலம் போகும்போது தடை கூடும், அந்தத் துடிப்பை எண்ணுவது. வெண்குழியத்தை மூன்று வகையாகப் பிரிக்கும் சிறிய கருவிகள் இன்றும் இப்படித்தான். ஐந்து வகையாகப் பிரிப்பவை பெரும்பாலும் லேசரைச் சேர்த்துக்கொள்கின்றன. கலம் முன்னோக்கிச் சிதறும் ஒளி பருமனைச் சொல்லும், பக்கவாட்டில் சிதறுவது உள்ளே இருக்கும் மணிகளையும் கருவின் மடிப்பையும் சொல்லும், சாயமோ பிறபொருளெதிரியோ ஒட்டியிருந்தால் புளோரொளிர்வு, அதாவது பட்ட ஒளியை வேறு நிறத்தில் திருப்பி உமிழ்வது, அது எந்த வகைக் கலம் என்று சொல்லும். மூன்றையும் ஒரே ஆண்டில் கட்ட நினைக்காதீர்கள். முன் சிதறல் ஒன்று, முடிந்தால் புளோரொளிர்வு ஒன்று, அவ்வளவே.

இனிக் குழாய். உள்ளகலம் 200 மைக்ரோமீற்றர் உள்ள சதுரக் கண்ணாடி மயிர்த்துளைக் குழாயில் 5 சென்ரிமீற்றர் துண்டு எடுங்கள். வட்டக் குழாய் மலிவுதான், ஆனால் அதுவே ஓர் உருளை வில்லையாகி லேசரைப் பக்கவாட்டில் விசிறிவிடும்; பிறகு அந்த விசிறலோடு மல்லுக்கட்டுவதே வேலையாகும். சதுரக் குழாயில் சராசரி வேகம் செக்கனுக்கு 0.1 மீற்றர் என்றால் பாய்ச்சல் செக்கனுக்கு 4 மைக்ரோலீற்றர், பாய்ச்சல் குழம்புமா என்று சொல்லும் ரைனோல்ட்ஸ் எண் 20 அளவில். உயர்தரப் பௌதிகவியலில் படித்த அருவிக்கோட்டுப் பாய்ச்சல் இங்கே கலப்பில்லாமல் நடக்கும். அதனால்தான் உறைநீர் (மாதிரியைச் சுற்றி உறைபோல ஓடும் சேலைன்) உத்தி வேலை செய்கிறது: அகன்ற குழாயில் உறைநீர் ஓட, அதன் நடுவில் மெல்லிய ஊசியால் மாதிரியை விட்டு, இரண்டையும் சேர்த்துக் குறுகலுக்குள் செலுத்தினால் மாதிரி நடுவில் நூல்போல இழுபடும். நூலின் தடிப்பு 15 மைக்ரோமீற்றர் ஆக வேண்டுமென்றால் மாதிரியின் பங்கு மொத்தப் பாய்ச்சலில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, அதாவது நிமிடத்துக்கு 2 மைக்ரோலீற்றரைச் சற்றே தாண்டும். குழாயின் நடுவில் வேகம் சராசரியின் இரு மடங்கு என்பதை மறந்துவிட்டால் கணக்கு முழுவதும் பிழைக்கும். உங்கள் கலம் 0.1 மீற்றரில் ஓடவில்லை, 0.2 இல் ஓடுகிறது.

உறைநீருக்குப் பம்ப் வேண்டாம். 3டி அச்சில் எடுத்து, படிமோட்டாரும் திருகும் வைத்த சிறிஞ்ச் பம்ப் எல்லாரும் முதலில் செய்வது. 2 மில்லிமீற்றர் புரியிடை, சுற்றுக்கு 3,200 நுண்படி, 10 மில்லிலீற்றர் சிறிஞ்ச் என்றால் ஒரு நுண்படிக்கே 0.1 மைக்ரோலீற்றர் வெளியே வரும். செக்கனுக்கு 4 மைக்ரோலீற்றர் தேவைப்பட்டால் 40 தள்ளுகள். ஒவ்வொரு தள்ளிலும் நூல் ஆடும், துடிப்பின் உயரமும் ஆடும். சேலைன் பையைத் தாங்கியில் தொங்கவிடுங்கள். அறை 30 பாகையில் இருந்தால் குழாயின் வெளிவாயிலிருந்து 30 முதல் 40 சென்ரிமீற்றர் உயரம் போதும். மணித்தியாலத்துக்கு 15 மில்லிலீற்றர் அளவில்தான் செலவாகும் என்பதால் 500 மில்லிலீற்றர்ப் பையில் மட்டம் இறங்குவது ஒரு பொருட்டல்ல. வெளிவாயைச் சொட்ட விடாதீர்கள். துளி உருவாகி விழும் ஒவ்வொரு முறையும் பாய்ச்சல் உதறும். நுனியைக் கழிவுப் போத்தலின் நீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். அந்த நீரில் குளோரின் கலந்திருக்கட்டும். மாதிரிக்கு மட்டும் 100 மைக்ரோலீற்றர்க் கண்ணாடிச் சிறிஞ்சோடு படிமோட்டார் வையுங்கள். அதில் நுண்படிக்கு 0.001 மைக்ரோலீற்றர்தான், துடிப்புத் தெரியாது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஏசி இல்லாத அறையில் காலையில் 25 பாகை, பின்னேரம் 33. நீரின் பாகுநிலை அதற்குள் குறைந்து, அதே உயரத்தில் பாய்ச்சல் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் கூடிவிடும். பருமனைத் துடிப்பின் அகலத்தில் பார்க்கிறவர்கள் இதில் ஏமாறுவார்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சேலைனை உடனே தொங்கவிட்டாலும் சூடேறும்போது காற்று குமிழியாகப் பிரியும். முதல் நாளே வெளியே எடுத்து வைத்து, 0.2 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் வடித்துப் பாவியுங்கள்.

இப்போது ஒளி. 650 நனோமீற்றர், 5 மில்லிவாற்று சிவப்பு லேசர் போதும். பழைய டிவிடி எழுதியிலிருந்து கழற்றியதைத் தொட வேண்டாம். அதன் வலு பல மடங்கு அதிகம், கண்ணைக் கெடுக்கும். சந்தையில் 5 என்று ஒட்டியிருப்பவையும் சில வேளை அதைத் தாண்டும். வலுமானியால் அளந்த பிறகே பாவியுங்கள். கதிரைக் கண்மட்டத்துக்குக் கீழே கிடையாக அமைத்து, வெள்ளை அட்டையில்தான் தேடுங்கள். லேசர் எரியும்போது நுணுக்குக்காட்டியில் கண் வைக்கவே கூடாது, கமெரா வையுங்கள்.

கதிர் குழாயில் விழும் புள்ளி, பாய்ச்சல் திசையில் ஒடுக்கமாகவும் குறுக்கே அகலமாகவும் இருக்க வேண்டும். ஒடுக்கம், இரண்டு கலம் ஒரே நேரத்தில் ஒளிக்குள் வராமல் காக்கும். அகலம், நூல் கொஞ்சம் அசைந்தாலும் ஒளி குறையாமல் காக்கும். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள இணைகதிரை 50 மில்லிமீற்றர் குவியத்தூர உருளை வில்லையால் பாய்ச்சல் திசையிலும், 250 மில்லிமீற்றர் உருளை வில்லையால் குறுக்கேயும் குவித்தால் புள்ளி 20 க்கு 100 மைக்ரோமீற்றர் ஆகும். ஒடுக்கமான பக்கத்தில் குவியத்தின் இருபுறமும் அரை மில்லிமீற்றர் வரை பொறுக்கும். ஆகவே முன்பின் நகர்த்த விலையுயர்ந்த மேடை வேண்டியதில்லை. மேல்கீழ் நகர்த்தத்தான் நுண்திருகு வேண்டும்.

குழாயைத் தாண்டி 50 மில்லிமீற்றரில் நேர்க்கதிரை மறைக்கக் கறுப்புத் தடுப்பு ஒன்று: 4 மில்லிமீற்றர் உயரம், ஒன்றரை அகலம். அதன் பின்னே 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள வில்லை, அதன் குவியத்தில் ஒளியை மின்னோட்டமாக்கும் போட்டோடயோட். தடுப்பு ஒரு மயிரளவு விலகினாலும் நேர்க்கதிர் உள்ளே கசியும். லேசரின் சொந்த நடுக்கமே பிளேட்லெட்டின் துடிப்பை விழுங்கிவிடும். முதல் வாரங்களில் "சிக்னலே வருகுதில்லை" என்பவர்களில் பலருக்கு உண்மையில் வெளிச்சம் கூடிவிட்டது, குறைந்துவிடவில்லை.

பிபிடபிள்யூ34 வகைப் போட்டோடயோட் மலிவானது, முன் சிதறலுக்குப் போதும். அதன் ஓட்டத்தை வோல்ற்றளவாக்கும் செயற்பாட்டு விரியலாக்கியில் 1 மெகாஓம் தடையும் 10 பிக்கோபரட் கொள்ளளவியும் பின்னூட்டாக வைத்தால் 16 கிலோஹேற்ஸ் வரை பதில் தரும். ஒரு கலம் ஒளிக்குள் இருக்கும் நேரம் 140 மைக்ரோசெக்கன்: புள்ளியின் 20 மைக்ரோமீற்றரும் கலத்தின் 8 உம் சேர்ந்து 28, அதை 0.2 மீற்றரால் வகுத்தது. இதைப் பிடிக்க ஆர்டுவினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் இயலாது. அது ஒரு வாசிப்புக்கு 100 மைக்ரோசெக்கன் எடுக்கும், ஒரு கலத்துக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் கிடைக்கும். ராஸ்பெரி பையில் அனலொக் உள்ளீடே இல்லை. செக்கனுக்கு 2 இலட்சம் வாசிப்புச் செய்யக்கூடிய 12 பிற் ஏடிசி (வோல்ற்றளவை எண்ணாக்கும் சுற்று) உள்ள எஸ்டிஎம்32 அல்லது டீன்சி பலகை எடுங்கள். கலத்துக்கு 28 புள்ளி கிடைக்கும், உயரம், அகலம், பரப்பு மூன்றையும் கணக்கிடலாம். பிளேட்லெட்டும் வெண்குழியமும் ஒரே அளவுகோலில் அடங்காது என்பதால் ஒரே சிக்னலை 1 மடங்காகவும் 20 மடங்காகவும் இரண்டு வாய்களில் கொடுங்கள். மின்னைச் சுவரிலிருந்து எடுக்காமல் 12 வோல்ற்று பற்றரியிலிருந்து எடுத்தால் 50 ஹேற்ஸ் இரைச்சலில் பாதி தொலையும். மீதியைக் கறுப்புப் பெட்டி மூடி தொலைக்கும், ஏனென்றால் அறை விளக்குகள் 100 ஹேற்ஸில் மினுங்குகின்றன. லேசரை மாறா ஓட்டச் சுற்றில் இயக்கி, அரை மணித்தியாலம் சூடேறவிட்ட பிறகு அளவுகளைத் தொடங்குங்கள்.

குருதிக்குப் போக அவசரப்பட வேண்டாம். முதலில் வடித்த சேலைனை மட்டும் ஓடவிட்டு நிமிடத்துக்கு எத்தனை "கலம்" வருகிறது என்று எண்ணுங்கள். இந்த வெற்றோட்டத்தில் எண்ணிக்கை பத்துக்குக் கீழ் வரும்வரை வேறெதையும் தொடாதீர்கள். பிறகு பாணுக்குப் போடும் உலர் ஈஸ்ட். கடையில் பக்கற்றாகக் கிடைக்கும், 5 மைக்ரோமீற்றர் அளவு, நோய்ப் பயமில்லை. அது அரும்பு விட்டு இரட்டையாக நிற்பது உங்களுக்கு நல்லது: பரப்புக்கும் உயரத்துக்கும் வரைபு போட்டால் ஒற்றையும் இரட்டையும் பிரிகிறதா என்று தெரிந்துவிடும். புளோரொளிர்வு வாயைச் சோதிக்க விலையான சாயம் வாங்க வேண்டாம், மட்டக்களப்பு வாவியில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளுங்கள். மெல்லிய நைலோன் துணியில் வடித்து 405 நனோமீற்றர் லேசருக்கு முன்னே ஓடவிட்டால் அல்காவின் பச்சையம் 680 நனோமீற்றர் சிவப்பில் தானே ஒளிரும். 650 க்குக் கீழ் வெட்டும் நீள் அலை வடிகட்டி ஒன்றும், மங்கல் ஒளியையும் உணரும் சிலிக்கன் ஒளிப்பெருக்கியும் போதும். வாவித் தண்ணீர் குழாயை அடைக்கும் என்பதால் இதைப் பழைய குழாயில் செய்யுங்கள்.

அளவு திருத்தப் பொலிஸ்ரைரீன் மணிகள் வாங்குவீர்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. மணியின் முறிவுச் சுட்டி 1.59, செங்குழியத்தினது 1.40 அளவு, நீர் 1.33. வித்தியாசம் கூடினால் சிதறலும் கூடும். ஆகவே 3 மைக்ரோமீற்றர் மணி தரும் துடிப்பை வைத்து "இதுதான் 3 மைக்ரோமீற்றர் கலம்" என்று கோடு கிழித்தால் பிளேட்லெட் எல்லாம் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும். மணி, கருவி நேற்றுப் போல இன்றும் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே. செங்குழியத்துக்கு இன்னொரு குணம்: தட்டாக இருப்பதால் முகம் காட்டிப் போகும்போது ஒரு துடிப்பு, விளிம்பு காட்டிப் போகும்போது வேறு. வரைபில் இரண்டு மேடு வந்தால் கருவி பழுதென்று பதறாதீர்கள்.

இப்போது பிளேட்லெட். சாதாரண வழியில் எண்ண, ஓடிய மாதிரியின் கனவளவு துல்லியமாகத் தெரிய வேண்டும், ஐதாக்கலில் பிழை இருக்கக் கூடாது. வீட்டுக் கருவிக்கு இரண்டும் கடினம். சர்வதேச இரத்தவியல் தரப்படுத்தல் குழு 2001 இல் பரிந்துரைத்த உசாத்துணை முறை இதைச் சுற்றிக்கொண்டு போகிறது: கனவளவை விட்டுவிட்டு, ஒரு செங்குழியத்துக்கு எவ்வளவு பிளேட்லெட் என்ற விகிதத்தை மட்டும் ஓட்டத்தில் எடு, செங்குழிய எண்ணிக்கையை மின்தடைக் கருவியிலிருந்து எடுத்துப் பெருக்கு. உசாத்துணை முறையில் பிளேட்லெட்டை அடையாளம் காண, அதன் மேற்பரப்பிலுள்ள சிடி41, சிடி61 புரதங்களைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகள் ஒட்டுவார்கள். நீங்கள் முதலில் சிதறலோடு நிற்கலாம். யோசனை ஒன்றுதான், உங்கள் கருவிக்கே தைத்த சட்டை.

செய்முறை: குருதி உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயைப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து, 20 மைக்ரோலீற்றர் எடுத்து 980 சேலைனில், அதிலிருந்து 100 எடுத்து 900 இல். மொத்தம் 500 மடங்கு ஐதாக்கல். மைக்ரோலீற்றருக்கு 10,000 செங்குழியம் வரும், நிமிடத்துக்கு 22,000 ஓடும், செக்கனுக்கு 370 அளவு. இந்த வேகத்தில் இரண்டு கலம் ஒரே துடிப்பாகச் சேரும் வாய்ப்பு 5 சதவீதம். செங்குழியத்திலும் பிளேட்லெட்டிலும் சிறு பங்குதான் தொலைவதால் விகிதம் பெரிதாக ஆடாது. 20,000 பிளேட்லெட் உள்ளவரில் நிமிடத்துக்கு 88 தான் வரும். ஐந்து நிமிடம் ஓட்டினால் 440. அதன் வர்க்கமூலம் 21, ஆகவே பிழை 5 சதவீதம். ஒரு நிமிடத்தோடு நிறுத்தினால் 11 சதவீதம். வெற்றோட்டத்தில் நிமிடத்துக்கு 40 தூசி வரும் கருவியால் இந்த நோயாளியை அளக்க முடியாது என்பது இங்கேதான் விளங்கும்.

பிழைக்கும் இடங்கள் குருதியிலும் உண்டு. சிலருடைய பிளேட்லெட் ஈடிடிஏயில் கட்டிபட்டு நிற்கும், எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வேறோர் உறைதடுப்பியான சித்திரேற்று உள்ள குழாயில் திரும்ப எடுத்து, அந்த எண்ணை 1.1 ஆல் பெருக்கிப் பார்ப்பார்கள். தலசீமியா, இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவர்களில் சிறுத்த செங்குழியமும் உடைந்த துண்டுகளும் பிளேட்லெட் பக்கம் விழுந்து எண்ணிக்கையைப் பொய்யாகக் கூட்டும். டெங்குவில் இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் ஆறுதல் தருகிற பிழை அது. குருதி எடுத்து 4 மணித்தியாலத்துக்குள் ஓட்டிவிடுங்கள்.

டெங்கு பற்றி நேராக ஒன்று. பிளேட்லெட் மட்டும் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பதில்லை. 1 இலட்சத்துக்குக் கீழ் இறங்குவதோடு பிசிவி (குருதியின் கனவளவில் செங்குழியத்தின் பங்கு) 20 சதவீதம் ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள். திரவம் கசிவதைக் காட்டுவது அதுதான். உங்கள் கருவி பிசிவி தராது. அதற்கு மயிர்த்துளைக் குழாயும் சுழற்றியும் போதும், அது கிராமத்து வைத்தியசாலையிலும் செய்யக்கூடியது. அதனால் "டெங்குக் கருவி" என்று பெயர் வைக்காமல் "பிளேட்லெட் விகிதமானி" என்று வைத்தால் மதிப்பீட்டுக்கு வருகிற வைத்தியரும் நம்புவார்.

மனிதக் குருதியைத் தொடுமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் ஒரு கூட்டு வழிகாட்டியைப் பிடித்தால் பாதை சுலபமாகும். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பரிசோதித்து மிஞ்சும் மாதிரியைப் பெயர் நீக்கிப் பெறலாம். குறைந்தது 40 மாதிரி, அதில் பத்து மாதிரியாவது 50,000 க்குக் கீழே. ஒப்பிடும்போது தொடர்புக் குணகம் 0.98 என்று எழுதிப் பெருமைப்படாதீர்கள். இரண்டு கருவியின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே வரைந்தால்தான், தாழ்ந்த பக்கத்தில் எவ்வளவு பிழைக்கிறது என்பது வெளியே வரும். நோயாளிக்கு எந்த எண்ணையும் சொல்லக்கூடாது; மருத்துவக் கருவியாகப் பாவிக்க 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிய வேண்டும், அது வேறு பயணம்.

ராமன் சிதறலால் சாயமே இல்லாமல் ஒரு கலத்தின் இரசாயனத்தைப் படிக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928 இல் கண்டது என்பதால் ஆசை வருவது நியாயம். ஆனால் அந்தச் சிதறல் மிக மிக மங்கல். ஒரு கலத்துக்குச் செக்கன் கணக்கில் காத்திருக்க வேண்டும், நல்ல நிறமாலைமானி வேண்டும். இலட்சம் கலம் எண்ணும் வேலைக்கு அது ஒத்துவராது. வில்லையே இல்லாத ஹோலோகிராப் நுணுக்குக்காட்டி, ஒரு எல்ஈடியும் கமெராத் தகடும் வைத்துச் செய்வது, அடுத்த அணிக்கு நல்ல தலைப்பு.

ஓட்டம் முடிந்தவுடன் குழாயை அப்படியே விட்டுப் போகாதீர்கள். கடற்கரைக் காற்றில் சேலைன் ஓரிரவில் உப்பாகிக் குழாயை அடைத்துவிடும். முதலில் சேலைன், பிறகு 0.5 சதவீத ஹைப்போகுளோரைற்று ஐந்து நிமிடம், பிறகு காய்ச்சி வடித்த நீர், நீர் நிரம்பியபடியே மூடி வையுங்கள். குருதி இருக்கும்போது அற்ககோல் விட்டால் புரதம் உறைந்து சுவரில் ஒட்டும், அந்தக் குழாய் பிறகு எதற்கும் உதவாது. வில்லைகளைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். நம் ஈரலிப்பில் மார்கழி, தைக்குள் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். சதுரக் குழாய் இங்கே கடையில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே இந்த வாரமே கட்டளை கொடுங்கள், ஒன்றல்ல, குறைந்தது இருபது.